லண்டன் ஆறு மணி நேரமா, பதினொன்றரையா?

கேள்வி: என் தங்கையின் பிரசவத்துக்காக 68 வயதான அம்மா டிசம்பரில் சென்னையிலிருந்து லண்டனுக்குத் தனியாகப் போகிறார். தூரம் 8,200 கி.மீ. விமானம் மணிக்கு 900 கி.மீ. போகுமென்றால் ஒன்பது மணி நேரம்தானே ஆக வேண்டும்? நேரடி விமான டிக்கெட்டில் காலை 5.35 புறப்பாடு, 11.35 வருகை என்று ஆறு மணி நேரமாகப் போட்டிருக்கிறது. மாப்பிள்ளையோ பதினொன்றரை என்கிறார். துபாயில் மாறிப் போனால் 9,000 ரூபாய் குறைகிறது. ஆனால் இரண்டும் தனித்தனி டிக்கெட், நடுவில் இரண்டரை மணி நேரம். எதை வாங்குவது?

பதில்: மாப்பிள்ளை சொல்வதுதான் சரி. டிக்கெட்டில் அச்சாகும் நேரம் அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி பின்தங்கியிருக்கிறது. நீங்கள் பார்த்த ஆறோடு அந்த ஐந்தரையைக் கூட்டிக்கொள்ளுங்கள். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைப்பார்கள். அப்போது நாலரையைக் கூட்டினால் போதும்.

உங்கள் ஒன்பது மணிக் கணக்கு எங்கே இடறுகிறது? 8,200 என்பது பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த தூரம். அந்த நூல் ஆப்கானிஸ்தான், உக்ரைன் பக்கமாகப் போகிறது. உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியிலிருந்து பயணிகள் விமானங்களுக்கு மூடியே கிடக்கிறது. ஆகவே விமானம் தெற்கே வளைந்து போக வேண்டியிருக்கிறது. போகும்போது எதிர்க்காற்று வேறு. ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவதும் இறங்கியபின் வாயிலுக்கு வருவதும்கூட இந்த நேரத்தில் அடக்கம். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும் என்பதால் ஒரு மணி நேரமாவது மிச்சமாகும்.

வேடிக்கை என்னவென்றால், துபாய் வழி ஒன்றும் பெரிய சுற்று இல்லை. சென்னை–துபாய் 2,900, துபாய்–லண்டன் 5,500. கூட்டினால் 200 கி.மீ.தான் அதிகம். நேரத்தைத் தின்பது நடுவில் காத்திருப்பதுதான்.

நான் அஞ்சுவது தனித்தனி டிக்கெட்டுக்காக. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். புது டிக்கெட்டை உங்கள் காசில்தான் வாங்க வேண்டும். பெட்டியை அங்கே எடுத்து மறுபடி போட வேண்டிவந்தால் குடியேற்றச் சோதனையைக் கடக்க வேண்டும், அதற்கு வீசா தேவைப்படலாம். ஒரே பி.என்.ஆரில் இரண்டு விமானங்களும் இருந்தால் இந்தத் தலைவலி இல்லை; அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பாடு.

தூரம் உண்மையில் காசாகும் இடம் ஒன்று உண்டு. பிரிட்டனிலிருந்து புறப்படும் எந்த நிறுவன விமானமானாலும், 3,500 கி.மீ.க்கு மேற்பட்ட பயணத்தில் நிறுவனத்தின் தவறால் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் 520 பவுண்டு இழப்பீடு கேட்கலாம். மோசமான வானிலை போன்றவற்றுக்குக் கிடையாது. அம்மா திரும்பும் டிக்கெட்டின் போர்டிங் பாஸைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

நேரடி விமானத்தையே வாங்குங்கள். தனியாகப் போகிற 68 வயதுக்காரருக்கு 9,000 ரூபாய் பெரிய தொகையல்ல. டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி உதவியையும் கேட்டுவிடுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில் கைப்பையில் வேண்டாம்: 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டில் என்றால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். நன்றாகக் கட்டி, பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள்.