கிணற்றில் டீசல் வாடை: கிரயத்துக்கு முன் செய்ய வேண்டியவை

கேள்வி: கடலூர் முதுநகரில் ஐந்து சென்ட் மனையுடன் ஒரு பழைய ஓட்டு வீட்டை விலை பேசி, மூன்று லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்து, கிரய ஒப்பந்தமும் பதிவு செய்துவிட்டோம். வீட்டுக்காரர் முன்பு விசைப்படகு வைத்திருந்தவர். படகுக்கான டீசலைப் பின்கட்டில் பேரல்களில் வைத்திருந்தார் என்றும், ஓர் இரும்பு டேங்கை மண்ணுக்குள் புதைத்திருந்தார் என்றும் அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். சென்ற வாரம் கிணற்றில் நீர் இறைத்தபோது டீசல் வாடை அடித்தது. நீரின் மேல் பளபளப்பான படலமும் இருந்தது. மோட்டார் ஆயில்தான், நான்கு முறை இறைத்தால் போய்விடும் என்கிறார் தரகர். விலையில் இரண்டு லட்சம் குறைத்துக்கொள்வதாக வீட்டுக்காரர் சொல்கிறார். அடுத்த மாதம் கிரயம். வாங்கலாமா?

பதில்: கசிவு இருக்கிறதா, இருந்தால் எதுவரை பரவியிருக்கிறது என்பது தெரியும்வரை கிரயத்தை முடிக்காதீர்கள், மீதித் தொகையில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இரண்டு லட்சம் குறைப்பு என்ற பேச்சை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். எவ்வளவு மண் கெட்டிருக்கிறது என்று தெரியாத நிலையில், அந்தத் தொகை போதுமா போதாதா என்று உங்களாலும் சொல்ல முடியாது, அவராலும் சொல்ல முடியாது.

முதலில், நீங்கள் பார்த்த படலம் எண்ணெய்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரும்புச் சத்து மிகுந்த நீரில் வளரும் பாக்டீரியாவாலும் இதே போன்ற மினுமினுப்பு உண்டாகும். ஒரு வாளி நீரை மொண்டு வைத்து, அசைவு அடங்கிய பிறகு படலத்தைக் குச்சியால் குறுக்கே கீறுங்கள். பாக்டீரியாப் படலம் சில்லுச் சில்லாக உடைந்து, உடைந்தபடியே நிற்கும். எண்ணெய்ப் படலம் குச்சி போன தடம் தெரியாமல் மறுபடி கூடிக்கொள்ளும்.

தரகர் சொல்வதை எடுத்த எடுப்பில் தள்ளிவிடவும் வேண்டியதில்லை. எண்ணெய் நிரப்பிய நீர்மூழ்கி மோட்டாரில் சீல் தேய்ந்தால் கிணற்றில் ஆயில் கலப்பது உண்டு. ஆனால் அது மோட்டாருக்குள் இருந்த அளவோடு நின்றுவிடும். டீசலின் காட்டமான வாடையும் அதற்கு இருக்காது. மோட்டாரை வெளியே எடுத்துவிட்டு, மேலே மிதப்பதை மொண்டு ஒரு கேனில் அடைத்து வைத்து, பத்து நாள் பொறுத்துப் பாருங்கள். மோட்டார் இல்லாத கிணற்றில் படலம் மறுபடி வந்தால், அது மண்ணிலிருந்துதான் ஊறி வருகிறது. இந்த வேலைக்காக யாரையும் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். எண்ணெய் ஆவி தேங்கிய கிணற்றில் இறங்கியவர் மயங்கி விழ நேரலாம், அவரைத் தூக்கப் போனவரும் உடன் விழலாம். மேலிருந்தே செய்யக்கூடிய வேலை இது.

பின்கட்டில் சிந்திய டீசல் கிணறுவரை எப்படி வரும் என்ற ஐயம் எழலாம். கடலோர மணலில் எண்ணெய் எளிதாகக் கீழிறங்கும். டீசல் நீரைவிட லேசானது என்பதால் நிலத்தடி நீர்மட்டத்தை எட்டியதும் அதன் மேல் மிதந்து, நீரோட்டத்தின் திசையில் பரவும். கோடையில் நீர்மட்டம் தாழும்போது எண்ணெயும் தாழ்ந்து மணலில் ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டம் உயரும்போது மீண்டும் மேலேறும். ஆகவே ஒரு பருவத்தில் வாடை இல்லை என்பதை வைத்துக் கசிவே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

அடுத்தது ஆய்வகம். வழக்கமான குடிநீர்ச் சோதனையில் உப்பு, கடினத்தன்மை, இரும்பு போன்றவற்றைத்தான் பார்ப்பார்கள். எண்ணெய் அதில் தெரியாது. என்ஏபிஎல் (ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில், கனிம எண்ணெய், மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், பென்சீன் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்று எழுத்திலேயே கேளுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 (2012) கனிம எண்ணெய்க்கு விதிக்கும் உச்ச வரம்பு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். மாதிரியைப் பிளாஸ்டிக் பாட்டிலில் எடுக்காமல், ஆய்வகம் தரும் கண்ணாடிப் பாட்டிலில் அவர்கள் சொல்லும் முறைப்படி எடுத்து, ஐஸ் வைத்த பெட்டியில் அன்றே சேர்ப்பியுங்கள். பென்சீன் சோதனைக்கான பாட்டிலில் காற்றுக்கு இடமில்லாமல் விளிம்புவரை நிரப்புவது முக்கியம். தண்ணீர் மட்டும் போதாது. டேங்கைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் நீர்மட்டம்வரை துளையிட்டு மண்ணையும் எடுக்க வேண்டும். கட்டட அடித்தளத்துக்கு மண் பரிசோதனை செய்பவர்களே இதைச் செய்து தருவார்கள்.

இனி நீங்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882-இன் 55ஆம் பிரிவின்படி, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு கண்டுபிடிக்க முடியாததும், தனக்குத் தெரிந்ததுமான முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். உங்கள் வீட்டுக்காரருக்கு டேங்க் இருந்தது தெரியும். ஆனால் வாடையை நீங்களே முகர்ந்துவிட்டீர்கள். இனி அது உங்களுக்குத் தெரிந்த குறை. தெரிந்தே, அதற்காக விலையையும் குறைத்துக்கொண்டு கிரயம் செய்தால், நாளைக்கு அவர் மறைத்துவிட்டார் என்று நீதிமன்றத்தில் நிற்பது மிகவும் கடினம். ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவும், சாதாரண முயற்சியால் உண்மையை அறிந்திருக்கக்கூடியவருக்கு, விற்பவர் சொல்லாமல் விட்டார் என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தத்தை ரத்து செய்ய உரிமை தருவதில்லை. இரண்டு லட்சத்தை ஒதுக்கி வையுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எனவே இந்த வாரமே பதிவுத் தபாலில் வீட்டுக்காரருக்குக் கடிதம் அனுப்புங்கள். நீங்கள் கண்டதையும், டேங்க் பற்றிக் கேள்விப்பட்டதையும் எழுதி, டேங்க் எங்கே இருந்தது, எத்தனை லிட்டர், எப்போது எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். பெட்ரோலியச் சட்டம், 1934-இன்படி, 1,000 லிட்டருக்கு மேற்படாத கொள்கலன்களில் மொத்தம் 2,500 லிட்டர்வரை டீசல் வைத்திருக்க உரிமம் தேவையில்லை. அதைத் தாண்டியிருந்தால் உரிமத்தின் நகலைக் கேட்கலாம். பிறகு ஒரு வழக்கறிஞரைக் கொண்டு துணை ஒப்பந்தம் எழுதுங்கள். கிரயக் கெடுவை நீட்டிப்பது, சோதனைச் செலவு யாருடையது, கசிவு உறுதியானால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பவை அதில் தெளிவாக இருக்கட்டும். கெடு நீட்டிப்பு எழுத்தில் இல்லாமல் நீங்கள் கிரயத்தைத் தள்ளிப்போட்டால், ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள்தான் என்று அவர் சொல்ல வழி கிடைத்துவிடும். தக்க காரணத்தோடு நீங்கள் கிரயத்தை மறுத்தால், கொடுத்த முன்பணத்துக்கு அந்தச் சொத்தின் மீதே உங்களுக்குப் பொறுப்புரிமை (அந்தத் தொகைக்குச் சொத்தே ஈடாக நிற்கும் உரிமை) உண்டு என்பதும் அதே 55ஆம் பிரிவில் இருக்கிறது.

டேங்க் இன்னும் மண்ணுக்குள் இருந்தால், அதை எடுத்து மண்ணைச் சரிசெய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையதாக, கிரயத்துக்கு முன்பே முடிய வேண்டும். பழைய இரும்புக்காரரை அழைத்து கேஸ் வெல்டிங்கில் அறுக்க விடாதீர்கள். காலி டேங்கில் மிஞ்சியிருக்கும் ஆவி வெடிக்கும். எண்ணெய் ஊறிய மண்ணையும் ஊர்க் குப்பைமேட்டில் கொட்டக் கூடாது. அதை எங்கே ஒப்படைப்பது என்று கடலூரில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் எழுதிக் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

முடிவு வரும்வரை அந்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். கொதிக்க வைத்தால் பென்சீன் போன்றவை ஆவியாகி அடுக்களைக் காற்றில்தான் கலக்கும்.

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் நான் பார்த்திருக்கும் வீட்டிலிருந்து நாற்பது மீட்டர் தொலைவில் பல ஆண்டுகளாக ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. 50 மீட்டர் இடைவெளி கட்டாயம் என்கிறார்களே?

பதில்: அது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் புதிய பங்க்குகளுக்கு வகுத்த நெறி, கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளுடன் 30 மீட்டர்வரை குறைக்கவும் அதில் இடமுண்டு. பழைய பங்க்கை அதைக் காட்டி அகற்ற முடியாது. உங்களுக்குப் பயன்படுவது போர்வெல் நீரின் சோதனைதான். மேலே சொன்ன முறையிலேயே செய்யுங்கள். மனையின் வில்லங்கச் சான்றை முப்பது ஆண்டுகளுக்குப் போட்டுப் பாருங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவாக வேண்டும் என்பதால், அந்த இடமே முன்பு எண்ணெய் வியாபாரத்துக்கு விடப்பட்டிருந்தால் அதில் தெரிய வாய்ப்புண்டு. நீரில் எண்ணெய் தெரிந்தால் முன்பணம் கொடுக்காமல், அறிக்கையின் நகலோடு புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்துக்கு மனு எழுதுங்கள்.