பிஎஸ்6 டீசல் கார்ல டிபிஎஃப் (புகையில வர்ற கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) லைட் ஏன் அடிக்கடி எரியுது, வண்டியில கோளாறா?

பெரும்பாலும் கோளாறு இல்லங்க, நீங்க ஓட்டுற ரூட்டுதான் காரணம். 2020 ஏப்ரல்ல நம்ம நாட்டு வாகனப் புகை விதியில பிஎஸ்4-ல இருந்து, பிஎஸ்5-ஐ விட்டுட்டு நேரா பிஎஸ்6-க்கு தாவினாங்க, டீசல் கார் விடுற நைட்ரஜன் ஆக்சைடு கிலோமீட்டருக்கு 0.25 கிராம்ல இருந்து 0.08-க்கு இறங்கணும், கரிப்புகைக்கு இன்னும் டைட்டு, அதனால சைலன்சர் லைன்ல இந்த ஃபில்டரை வச்சாங்க. அதுல சேர்ற கரி எரியணும்னா சுமார் 600 டிகிரி சூடு வேணும், சிக்னலுக்கு சிக்னல் நின்னு ஆபீஸ் போனா அது எங்க வரும்? வண்டி தானா கூடுதல் டீசல் அடிச்சு எரிக்கப் பாக்கும், ஐடில்ல ஆர்பிஎம் ஏறும், ஃபேன் சத்தமா ஓடும், அப்ப போய் ஆஃப் பண்ணிட்டா வேலை பாதில நின்னுடும், அடிக்கடி இப்படி ஆனா டீசல் இன்ஜின் ஆயில்ல இறங்கி ஆயில் அளக்குற டிப்ஸ்டிக்ல லெவல் கூடியிருக்கும், அது இன்ஜினுக்கு ஆபத்து.

லைட் வந்ததும் மேனுவல்ல சொன்ன ஸ்பீடுல ஹைவேல நிறுத்தாம கொஞ்ச தூரம் ஓட்டுங்க. ஃபில்டரை கழட்டிடலாம்னு சொல்ற மெக்கானிக்கை தயவுசெஞ்சு நம்பாதீங்க. ரூல் மேல எனக்கு கோவமே இல்ல, கம்பெனிங்க ஏமாத்துறப்ப அது வேணும்தான், 2015-ல ஃபோக்ஸ்வேகன் கார் கம்பெனி டெஸ்ட்ல மட்டும் புகையை சுத்தமா காட்ட சாஃப்ட்வேர் வச்சு மாட்டிக்கிட்டு, இந்தியாவுலயே 3 லட்சத்துக்கு மேல வண்டி ரீகால் ஆச்சே. சிட்டிக்குள்ள மட்டும் ஓட்டுறவங்ககிட்ட இதையெல்லாம் சொல்லாம டீசலை விக்கிறாங்க பாருங்க, அதுதான் வயிறு எரியுது.