சியோலைட் இருக்குற தொட்டியில உப்பு போடலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணே, சிங்கப்பூர் ஈசூன்ல எச்டிபி அடுக்குமாடி வீடு, ஹால்ல 2 அடி தொட்டியில கப்பி, மோலி மீனுங்க வளர்க்குறேன். டெஸ்ட் பண்ணா நைட்ரேட் 80, பாஸ்பேட் 2 காட்டுது, கண்ணாடி பூரா பாசி. கடையில சொன்னாங்கன்னு பில்டர்ல கார்பனும் சியோலைட்டுங்கிற கல்லும் போட்டு ஒரு மாசம் ஆச்சு, ஒண்ணும் குறையல. நேத்து ஒரு மோலிக்கு துடுப்பு அழுகுற மாதிரி தெரிஞ்சதால கல்லுப்பு ரெண்டு கை போட்டேன், இன்னிக்கு காலையில எல்லா மீனும் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. என்ன பண்றது?

பதில்: தம்பி, முதல்ல அந்த சியோலைட் பையை பில்டர்லேர்ந்து வெளிய எடுத்துட்டு உடனே பாதி தண்ணிய மாத்துங்க, ஏர் பம்ப் இருந்தா நல்லா ஓட விடுங்க, மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

சியோலைட், மீன் கழிவுலேர்ந்து வர்ற விஷமான அம்மோனியாவ பிடிச்சு வச்சுக்கும், ஆனா தண்ணியில உப்பு ஏறுனா சோடியத்தை உள்ள வாங்கிக்கிட்டு பிடிச்ச அம்மோனியாவ வெளிய தள்ளிடும், தீர்ந்துபோன சியோலைட்டை உப்புத் தண்ணியில ஊற வச்சு புதுப்பிக்கிறதே இந்த குணத்தாலதான், அந்த வேலை உங்க தொட்டிக்குள்ள மீன் இருக்கும்போதே நடந்திருக்குன்னு நினைக்கிறேன். நம்ம ஊர்ல தண்ணி 28, 30 டிகிரியில கிடக்கு, சூடும் பிஎச்சும் கூடக்கூட அம்மோனியாவோட விஷமும் கூடும். அம்மோனியா டெஸ்ட் பண்ணா தெரிஞ்சிடும். இன்னொண்ணு, பியூபி குழாய்த் தண்ணியில கிருமி கொல்ல இருக்குறது குளோராமின், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேந்தது, ராத்திரி பூரா வாளியில வச்சாலும் போகாது, குளோரினை எடுக்குற சாதாரண ஆன்டி-குளோரின் மருந்து அதை உடைச்சா அம்மோனியா மிஞ்சும், அதனால அம்மோனியாவையும் சேத்து கட்டுற வகையா கேட்டு வாங்குங்க.

நைட்ரேட் ஏன் குறையலன்னா, நீங்க போட்ட ரெண்டுமே அதைத் தொடாது. கார்பன் மஞ்சள் நிறம், வாடை, மருந்து மிச்சம் இதையெல்லாம் எடுக்கும், அவ்வளவுதான். என்னைக் கேட்டா நைட்ரேட்டுக்கு மீடியாவே (பில்டர்ல போடுற இந்த மாதிரி பொருள்) வேணாம், 30 சதவீதம் தண்ணி மாத்துனா 80 வந்து 56 ஆகும், அடுத்த தடவை 39, அப்புறம் 27, நடுவுல மீன் போடுற கழிவால கொஞ்சம் ஏறும். தொட்டி ஓரத்துல மணி பிளாண்ட் வேரை மட்டும் தண்ணியில விடுங்க, நைட்ரேட்டை நல்லா உறிஞ்சும்.

பாஸ்பேட்டுக்கு மட்டும் மீடியா நிஜமாவே உதவும். இரும்பு ஆக்சைடு குருணை, காவி கலர்ல இருக்கும், தூள் போற வரைக்கும் அலசி வலைப்பையில போட்டு ஸ்பாஞ்சுக்கு அடுத்தாப்ல வைங்க, முன்னாடி வச்சா அழுக்கு படிஞ்சு வேலை செய்யாது. பாக்கெட்ல சொன்னதுல பாதி போட்டு ஆரம்பிங்க, செடி இருந்தா அதுக்கும் பாஸ்பேட் வேணும்ல. பில்டர்லேர்ந்து வெளிய வர்ற தண்ணியையும் தொட்டித் தண்ணியையும் தனித்தனியா டெஸ்ட் பண்ணுங்க, ரெண்டும் ஒண்ணா காட்டுனா குருணை தீர்ந்துபோச்சு. ஆனா தீனியைக் குறைக்காம இதைப் போட்டா காசுதான் கரையும், பாஸ்பேட் பெரும்பாலும் தீனி வழியாத்தான் வருது.

சியோலைட் இத்தனை நாள் அம்மோனியாவ எடுத்ததால ஸ்பாஞ்சுல அம்மோனியாவ தின்னுற நல்ல பாக்டீரியா கம்மியாத்தான் வளர்ந்திருக்கும். ஸ்பாஞ்சை குழாயில கழுவாதீங்க, ஒரு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகை தீனி போதும், தினமும் அம்மோனியா பாருங்க, 0.25 தாண்டுனா அன்னிக்கே தண்ணி மாத்துங்க. அந்த மோலிக்கு உப்பு வைத்தியம் தனி டப்பாவுல பண்ணுங்க.