எண்ணிக்கை இருக்கிறது, வேகம் இல்லை

கேள்வி: எனக்கு 32 வயது. குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம். கல்யாணமாகி மூன்று வருடமாகியும் குழந்தை இல்லை. மனைவிக்குக் குறை எதுவும் இல்லை என்றார்கள். வீட்டிலேயே விந்து எடுத்து, பஸ்ஸில் வேலூர் லேபுக்குக் கொண்டு போய்க் கொடுத்தேன். எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 38 மில்லியன். அசையும் அணுக்கள் 22 சதவீதம்தான். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போட்டால் சரியாகும் என்கிறார் ஜிம் மாஸ்டர். போடலாமா?

பதில்: போடாதீர்கள். உங்கள் பிரச்சினையை அது பெரிதாக்கிவிடும்.

விரையிலிருந்து வெளியே வரும் விந்தணுவுக்கு நீந்தத் தெரியாது. விரையின் மேல் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ் என்ற குழாயில்தான் அது தேறுகிறது. சுருட்டி வைத்த நூல்கண்டு போன்ற அந்தக் குழாயைப் பிரித்து நீட்டினால் சுமார் 6 மீட்டர் வரும். அதைக் கடக்க விந்தணுவுக்குச் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். விந்தணுவுக்குள் மரபுப்பொருள் இறுக்கமாகப் பொதிந்திருப்பதால், தனக்கு வேண்டிய புதுப் புரதங்களை அதனால் தயாரித்துக்கொள்ள முடியாது. குழாயின் உள்சுவர் சுரக்கும் புரதங்கள் வழியில் அதன் மேல் வந்து ஒட்டுகின்றன. நீந்தும் திறனும் கருமுட்டையோடு ஒட்டும் திறனும் அப்படித்தான் கைகூடுகின்றன.

அந்தச் சுவரை வேலை வாங்குவது டெஸ்டோஸ்டிரோன்தான். 'அப்படியானால் ஊசி நல்லதுதானே?' என்று கேட்பீர்கள். விரைக்குள் இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் அளவு ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல பத்து மடங்கு. அதில் ஒரு பங்கு விரையின் திரவத்தோடு நேராக இந்தக் குழாய்க்குள் இறங்குகிறது. வெளியிலிருந்து ஊசி போட்டால் ரத்தத்தில் அளவு ஏறும். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, போதுமான அளவு இருக்கிறது என்று எண்ணி, விரைக்கு அனுப்பும் எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோன்களைக் குறைத்துவிடும். விரை தன் உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். இந்த ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்திருக்கிறது! 1990இல் வெளியான அந்த ஆய்வில் வாரம் 200 மில்லிகிராம் போட்டுக்கொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு விந்தணுவே இல்லாமல் போனது. நிறுத்தியபின் பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும்.

சரி, உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருவோம். எனக்கு அதன் மேலேயே சந்தேகம். விந்தை ஒரு மணி நேரத்துக்குள், உடல் சூட்டில் வைத்து லேபில் கொடுக்க வேண்டும். குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில், அதுவும் வேலூர் வெயிலில் வந்தால் அசைவு குறைந்துதான் தெரியும். இரண்டு முதல் ஏழு நாள் விந்து வெளியேறாமல் இருந்து, லேபிலேயே எடுத்து மறுபடி கொடுங்கள். குறைந்தது 42 சதவீதம் அசைந்தால் பயமில்லை.

அப்போதும் குறைந்தால் ஆண்மையியல் மருத்துவரிடம் போங்கள். விரைப்பையில் ரத்தக்குழாய் புடைத்திருக்கிறதா, கிருமித்தொற்று உண்டா என்று பார்ப்பார். ஹார்மோன் டெஸ்ட்டும் எழுதலாம். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே விடுங்கள். விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் பிடிக்கும், ஆகவே அதன் பலனைப் பார்க்கும் டெஸ்ட்டுக்கு மூன்று மாதம் பொறுங்கள்.