குளிர் வந்தால் கட்டைவிரல் வீங்குகிறது: சாம்பாரை நிறுத்த வேண்டுமா?

டெல்லி மயூர் விஹாரிலிருந்து 52 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். சில வருடங்களாக டிசம்பர், ஜனவரி வந்தால் நடுராத்திரியில் கால் கட்டைவிரல் வீங்கிச் சிவந்து, ரஜாய் (பஞ்சுப் போர்வை) பட்டாலே உயிர் போகிறதாம். போன தடவை வலியோடு போய் ரத்தம் கொடுத்ததில் யூரிக் அமிலம் 6.1 என்று வந்தது, ‘நார்மல்தான்’ என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறார்கள், பருப்பும் சாம்பாரும் நிறுத்தியாயிற்று, அலோப்யூரினால் வலி வந்தால் மட்டும் போட்டுக்கொள்கிறார். குளிர் முடியும்வரை சென்னைக்குப் போய்விடட்டுமா என்றும் கேட்கிறார்.

சென்னைக்குத் தாராளமாகப் போங்கள், சபா கேன்டீனுக்காக. கவுட்டுக்காக, அதாவது யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் இந்த வலிக்காக, வேண்டாம். குளிர் சும்மா கிளப்பிவிடுகிறது, அவ்வளவுதான். யூரிக் அமிலம் வருடம் முழுக்க உங்கள் ரத்தத்தில் இருக்கிறது. 37 டிகிரி சூட்டில் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சுமார் 6.8 மில்லிகிராம் யூரிக் அமிலம்தான் கரைந்து நிற்கும். சூடு குறைந்தால் அந்த அளவும் இறங்கிவிடும். உடம்பிலேயே சில்லென்று இருப்பது கால் நுனி, அதனால் யூரிக் அமில உப்பு அங்கேதான் படிகமாக இறங்குகிறது. மார்கழி விடியலில் ஆர்.கே. புரம் மலை மந்திருக்குப் போய் வெறுங்காலோடு கல் தரையில் நிற்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கூடவே, குளிரில் தாகம் எடுக்காது, தண்ணீர் குறையும், கல்யாண சீசனில் மட்டனும் பீரும் ஏறும்.

6.1 விஷயத்துக்கு வருகிறேன். வலி உச்சத்தில் இருக்கும்போது யூரிக் அமிலம் இறங்கிக் காட்டுவது சகஜம், அந்த ரிப்போர்ட்டை வைத்து கவுட் இல்லை என்று சொல்ல முடியாது. வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் சேர்த்து.

அலோப்யூரினாலை நீங்கள் தலைகீழாகப் பயன்படுத்துகிறீர்கள். அது வலி மாத்திரையே இல்லை, யூரிக் அமிலத்தை இறக்கித் தினமும் 6-க்குக் கீழே வைத்திருக்கும் மாத்திரை. 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாக ஆரம்பித்து, ரத்தம் பார்த்துப் பார்த்து டாக்டர் ஏற்றுவார். ஆரம்ப மாதங்களில் படிகம் கரையும்போதே வலி ஒருமுறை தலைகாட்டலாம், அதற்குத்தான் கவுட் வீக்கத்தை அடக்கும் கோல்சிசின் மாத்திரையைக் குறைந்த அளவில் 3 முதல் 6 மாதம் துணைக்குக் கொடுப்பது. நடுவில் வலி வந்தாலும் அலோப்யூரினாலை நிறுத்தக் கூடாது. தோலில் தடிப்பு வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும்.

சரி, ராத்திரி மூன்று மணிக்கு வலி வந்துவிட்டால்? வெந்நீரை விடுங்கள், துணியில் சுற்றிய ஐஸை 15, 20 நிமிடம் வையுங்கள். காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து, ரஜாய்க்குள் கால்மாட்டில் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துவிட்டால் ரஜாய் விரலில் உரசாது, நிறையப் பேருக்கு அன்றைக்குத் தூக்கம் கிடைப்பதே இதனால்தான். வலியை அடக்கும் மாத்திரை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, எனவே குளிருக்கு முன்பே டாக்டரிடம் எழுதி வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கோல்சிசினை வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கொன்றாக விழுங்கும் பழைய முறை இப்போது கிடையாது. முதலில் 1 மில்லிகிராம், ஒரு மணி நேரம் கழித்து 0.5, அதுவும் சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு. டெல்லிப் புகையில் இருமலுக்குக் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதினால், கோல்சிசின் சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

பருப்பு மேல் எனக்குக் கோபமே இல்லை. சாம்பார், கீரை, பட்டாணியால் கவுட் கூடுவதாகப் பெரிய ஆய்வுகளில் தெரியவில்லை. தயிர், கொழுப்பு குறைந்த பால், காபி எல்லாம் உங்கள் பக்கம்தான். நிறுத்த வேண்டியது பீர், ஈரல், ஆட்டுக்கால் பாயா, நெத்திலி, பாட்டிலில் வரும் இனிப்புப் பானங்கள். கேரட் அல்வாவில் கேரட் பாவம், சர்க்கரைதான் வில்லன்.

பிபி மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை. சாப்பிட்டால் அட்டையைப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் ‘எச்’ அல்லது ‘சிடி’ இருந்தால் பெரும்பாலும் உப்பை வெளியேற்றும் மருந்து கலந்திருக்கும், அது யூரிக் அமிலத்தை ஏற்றும். நீங்களாக நிறுத்தாதீர்கள், லோசார்டான் போல வேறொன்று ஒத்துவருமா என்று கேளுங்கள்.

வலியோடு காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் கவுட்தானே என்று வீட்டில் இருக்காதீர்கள். மூட்டுக்குள் கிருமித் தொற்றும் இப்படித்தான் சிவந்து வீங்கும், அன்றைக்கே ஊசியில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும்.