டயரிலிருந்து தொடங்குங்கள்: மாடல் லாரி, கார் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி பெயின்டைப் பற்றியவை. அளவைப் பற்றி ஒரே ஒரு கடிதம். என்னைக் கேட்டால் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும். இன்னொன்று: என்ன பெயின்ட், என்ன பிளாஸ்டிக், என்ன ஸ்கேல் (1/24 என்றால் நிஜ வண்டியில் 24-ல் ஒரு பங்கு) என்று எதையும் சொல்லாமல் "ஏன் கெட்டுப்போச்சு?" என்று மட்டும் கேட்ட ஏழெட்டுக் கடிதங்களை ஒதுக்கி வைத்திருக்கிறேன். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

பிரைமர் அடிக்காமல் நேராகக் கலர் அடிக்கலாமா? (அம்மாபேட்டை)

கூடாது. கிரே பிரைமர் அடித்தால்தான் தேய்ப்புக் கோடும் புட்டிப் பள்ளமும் கண்ணுக்குத் தெரியும். மஞ்சள், சிவப்பு கேபின் என்றால் வெள்ளை பிரைமர்.

கேபினுக்கு ஸ்ப்ரே கேனில் பளபளப்புக் கறுப்பு அடித்தேன். காய்ந்ததும் மேலே பால் ஊற்றியதுபோல் வெண்மை படர்ந்துவிட்டது. கேன் மட்டமா? (ஏற்காடு)

கேன்மேல் தப்பில்லை. நீங்கள் அடித்தது நவம்பரில், மழை விட்ட சாயங்காலம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். லாக்கர் பெயின்டில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும். அப்போது பெயின்டின் மேற்பரப்பு சில்லென்று ஆகும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அது அந்தக் குளிர்ந்த பரப்பில் பனிபோல் இறங்கி, காய்கிற பெயின்டுக்குள் மாட்டிக்கொள்ளும். அதுதான் அந்த வெண்மை. கறுப்பிலும் அடர்நீலத்திலும் பளிச்சென்று தெரியும். வெள்ளை வண்டியில் இருந்தாலும் தெரியாது.

இப்போது உரித்தெடுக்க வேண்டாம். நல்ல வெயில் அடிக்கும் நாளில், 11 மணிக்கு மேல், அதே கறுப்பில் ரிடார்டர் (பெயின்ட் காய்வதை மெதுவாக்கும் திரவம்) கலந்து ஏர்பிரஷ்ஷால் மிக மெல்லிசாக ஒரு கோட் அடியுங்கள். பெரும்பாலும் வெண்மை கரைந்துவிடும். ஏர்பிரஷ் இல்லை, கேன் மட்டும்தான் என்றால் அதே கேனால் லேசாக ஒரு ஈரக் கோட் கொடுத்துப் பாருங்கள். அப்புறமும் நின்றால் 1500 வாட்டர் பேப்பர், பிறகு பாலிஷ்.

1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனிக்கு நடுவே இருக்கிறீர்கள். ஜூன் முதல் டிசம்பர் வரை அங்கே பளபளப்பு லாக்கர் அடிக்க நாள் பார்க்கத்தான் வேண்டும். சேலத்தில் சொந்தக்காரர் வீடு இருந்தால் பாடியை ஒரு டப்பாவில் வைத்து 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வந்து இங்கேயே அடித்துக்கொண்டு போங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ஏற்காட்டில் இருக்கும் என் நண்பர் வருடக்கணக்காக அப்படித்தான் செய்கிறார். குளிருக்குக் கேனைச் சூடாக்க வேண்டுமென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் வையுங்கள். அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

பெவிக்விக் வைத்து ஒட்டிய முன்கண்ணாடி மங்கலாகிவிட்டது. (வாழப்பாடி)

அந்த வகைப் பசையின் ஆவி அப்படித்தான் படியும். கண்ணாடிப் பாகம் எதுவானாலும் பெவிகால் மாதிரி வெள்ளைப் பசைதான். மங்கிய கண்ணாடியை பாலிஷ் போட்டுப் பாருங்கள், பாதி தேறும்.

1/24-ல் பத்து வீல் லாரி ஒன்றைப் போட்டோ பார்த்தே கட்டினேன். சன்போர்டு (வெட்டி ஒட்டும் நுரை பிளாஸ்டிக் பலகை) கேபின், வேலைப்பாடு நன்றாக வந்திருக்கிறது. ஆனால் முகம் நிஜ வண்டி மாதிரி இல்லை. எங்கே தப்பு? (சங்ககிரி)

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஊர்ப் பெயரை மறுபடி பார்த்தேன். சங்ககிரி! வீட்டை விட்டு இறங்கினால் லாரி நிற்கிற ஊர். வீட்டுக்கு ஒருவர் டிரைவராகவோ ஓனராகவோ இருக்கிற ஊர். அங்கே இருந்துகொண்டு இன்டர்நெட்டில் படம் தேடி, அதன்மேல் ஸ்கேல் வைத்து அளந்து வண்டி கட்டியிருக்கிறீர்கள். இதைப் பல வருடமாகச் சொல்கிறேன், மறுபடி சொல்கிறேன்: போட்டோ நிறத்துக்கு, துருவுக்கு, எழுத்துக்கு உதவும். அளவுக்கு உதவாது.

காரணம் நின்று எடுக்கிற தூரம். போனில் இருப்பது அகலக் கோண லென்ஸ், கிட்ட நின்றாலே முழு வண்டியும் படத்தில் விழும். வண்டிக்கு மூன்று மீட்டர் முன்னால் நின்று எடுத்தால் பம்பரும் கிரில்லும் பெருத்து, கேபினின் பக்கவாட்டு சுருங்கிவிடும். அதை அப்படியே வெட்டினால் மூக்கு வீங்கிய முகம்தான் வரும். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது அதுதான். போட்டோ எடுத்தே ஆக வேண்டும் என்றால் 15 மீட்டர் தள்ளி நின்று, ஜூம் போட்டு, நேர் எதிரிலிருந்து ஒன்று, நேர் பக்கவாட்டிலிருந்து ஒன்று எடுங்கள்.

என் முதல் லாரியில் நானும் இடறியவன்தான், அது வேறு விதத்தில். 1/24 கேபின், சேசிஸ் எல்லாம் ஒழுங்காக அளந்து வெட்டினேன். டயர் மட்டும் கையில் இருந்த பொம்மைக் காரிலிருந்து கழற்றி மாட்டினேன். விட்டம் 36 மி.மீ. லாரி ஸ்டாண்டில் ஒரு டிரைவர் அண்ணனிடம் காட்டினேன். கையில் வாங்கக்கூட இல்லை. "பெரிய வண்டிக்கு மினி லாரி டயர் போட்டிருக்கீங்களே, வண்டி உக்காந்துருச்சுங்க" என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 36-ஐ 24-ஆல் பெருக்கினால் 86 செ.மீ. பெரிய லாரியின் 10.00-20 டயர் ஏறக்குறைய 105 செ.மீ. கிட்டத்தட்ட ஒரு சாண் குறைவு! அவர் கண் அளவுகோலைவிடச் சரியாக இருந்தது. அன்றிலிருந்து டயர் கைக்கு வராமல் நான் சேசிஸில் கத்தி வைப்பதில்லை.

அதனால் டயரிலிருந்து தொடங்குங்கள். 10.00-20 என்றால் 1/24-க்கு 44 மி.மீ., 1/14-க்கு 75 மி.மீ. டாடா 407 மாதிரிச் சின்ன வண்டியின் 7.50-16 என்றால் நிஜத்தில் 80 செ.மீ. சொச்சம், 1/24-க்கு 33 அல்லது 34 மி.மீ. டயர் சரியாக இருந்தால் சேசிஸ் உயரம் சரியாக வரும், சேசிஸ் சரியானால் பம்பர், கேபின் எல்லாம் தானாக அதனதன் இடத்தில் உட்காரும்.

அடுத்து ஐந்து மீட்டர் டேப் ஒன்று, ஒரு நோட்டு. லோடு இறக்கி ஓய்வாக நிற்கிற வண்டியாகப் பாருங்கள். டிரைவரிடம் கேட்டுவிட்டு அளங்கள். இதுவரை என்னை ஒருவரும் வேண்டாம் என்றதில்லை. கிளீனர் பையன்களே டேப்பின் மறுமுனையைப் பிடித்திருக்கிறார்கள். முன் ஆக்சில் நடுவிலிருந்து பின் ஆக்சில் நடு வரை. பம்பர் முனையிலிருந்து முன் ஆக்சில் நடு. தரையிலிருந்து பம்பர் அடி, தரையிலிருந்து சேசிஸ் மேல்முகம், தரையிலிருந்து முன்கண்ணாடியின் கீழ் விளிம்பு, கண்ணாடியின் உயரம். கேபினின் அகலத்தை இரண்டு இடத்தில் எடுங்கள், இடுப்பில் ஒன்று, கூரையில் ஒன்று. பல கேபின்கள் மேலே போகப் போக ஒடுங்கும். அந்த ஒடுக்கத்தை விட்டால் முகம் பெட்டியாகிவிடும். எல்லாவற்றையும் மி.மீட்டரில் எழுதி 24-ஆல் வகுங்கள். ஒரு வண்டியின் மொத்த அகலம் சட்டப்படி 2.6 மீட்டரைத் தாண்டக்கூடாது. அதாவது உங்கள் மாடல் 108 மி.மீ.-ஐத் தாண்டினால் எங்கோ தப்பு. இதை வைத்தே உங்கள் வண்டியை இன்றைக்குச் சரிபார்த்துவிடலாம்.

அளக்கும்போது வண்டிக்கு அடியில் நுழையாதீர்கள். பைபாஸ் ஓரத்தில் நிற்கிற வண்டியை அளக்கவே வேண்டாம்.

1980 மாடல் லாரி கட்டுகிறேன். டி.என். 30 நம்பர் பிளேட் சரியா? (சூரமங்கலம்)

சரியில்லை. டி.என். வரிசை 1989-ல்தான் வந்தது. பிந்தைய வண்டி என்றால் 30 சேலம் மேற்கு, 54 சேலம் கிழக்கு, 52 சங்ககிரி, 34 திருச்செங்கோடு. லாரிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. ஏப்ரல் 2019-க்குப் பிந்தைய வண்டிக்கு ஹாலோகிராம் வைத்த உயர்பாதுகாப்புப் பலகை.

தின்னர் பட்டதும் கதவு பிசுபிசுவென்று இளகிவிட்டது. என்ன செய்ய? (ஓமலூர்)

என்ன தின்னர்? எழுதவில்லை. என்ன பிளாஸ்டிக்? அதுவும் இல்லை. ஹார்டுவேர் கடை என்.சி. தின்னராகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அதில் டொலுவீன், அசிட்டோன் மாதிரியானவை கலந்திருக்கும். கிட் (பாகம் பாகமாக வரும், நாமே சேர்த்துக் கட்டும் மாடல்) பாகங்களின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அது கரைக்கும். கதவைத் தொடாமல் இரண்டு மூன்று நாள் அப்படியே விடுங்கள், இறுகிவிடும். பிறகு புட்டி, 800 பேப்பர். பழைய அக்ரிலிக் பெயின்டை எடுக்க வேண்டுமென்றால் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். எந்தத் திரவமானாலும் முதலில் பாகங்களை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சும் சட்டத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்த பிறகே வண்டியில். இதையும் எத்தனையோ முறை எழுதிவிட்டேன்.

ஜவ்வரிசி மூட்டை லோடு வைக்க ஆசை. மூட்டை எப்படிச் செய்வது? (ஆத்தூர்)

நல்ல ஆசை. சேலத்து லாரிக்கு அதைவிடப் பொருத்தமான லோடு எது! எம்-சீலைப் பிசைந்து சின்னத் தலையணைபோல் உருட்டுங்கள். இளக்கமாக இருக்கும்போதே காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை மேலே அழுத்தி எடுத்தால் சாக்கு நெசவு பதியும். முக்கியமானது இது: மூட்டைகளைத் தனித்தனியாகக் காயவைத்து அடுக்காதீர்கள். ஈரமாக இருக்கும்போதே ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி மெதுவாக அழுத்துங்கள். கீழ் மூட்டை நசுங்கி, மேல் மூட்டை அதன் பள்ளத்தில் உட்கார வேண்டும். எடை தெரிவது அங்கேதான். லோடு ஏற்றினால் டயரின் அடியையும் அரை மி.மீ. தேய்த்துத் தட்டையாக்குங்கள். படுதாவுக்கு டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் கலந்த பெவிகாலில் நனைத்துப் போர்த்துங்கள். கயிறு ஒரு மி.மீ.-க்குமேல் தடிக்க வேண்டாம்.

இன்க்ஜெட்டில் அடித்த டீக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) தண்ணீரில் போட்டதும் கரைந்துவிட்டது. (செவ்வாய்ப்பேட்டை)

கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) அடிக்காமல் போட்டிருப்பீர்கள். மெல்லிசாக மூன்று கோட், ஒரு நாள் காயவிடுங்கள், பிறகு தண்ணீர். வெள்ளை எழுத்தை வீட்டுப் பிரின்டர் அடிக்காது. வெள்ளை டீக்கால் தாளில் கேபின் நிறத்தையே பின்னணியாக அடித்து, எழுத்து இருக்கும் இடத்தைக் காலியாக விடுங்கள்.

நிஜக் கார் டச்-அப் பெயின்டையும் 2கே கிளியரையும் 1/24 காருக்கு அடிக்கலாமா? (மேட்டூர்)

சாதா நிறமென்றால், நல்ல பிரைமர் கீழே இருந்தால், தாராளமாக. மெட்டாலிக் வேண்டாம். நிஜக் காருக்காக அரைத்த மினுக்குத் துகள் சின்னக் காரில் ஜிகினா ஒட்டியதுபோல் தெரியும். மாடலுக்கென்று வரும் நுண்துகள் மெட்டாலிக் வாங்குங்கள்.

2கே, அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும் கிளியர், கண்ணாடி மாதிரி வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. நுரையீரலுக்கு ஆகாது, ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். துணி மாஸ்க் இதற்குப் பயனே இல்லை. ரப்பர் மூடியும் கார்பன் கேட்ரிட்ஜும் உள்ள மாஸ்க் போட்டு, மொட்டை மாடியில் நின்று, பிள்ளைகளைக் கீழே அனுப்பிவிட்டு அடியுங்கள். மொட்டை மாடி இல்லையென்றால் 2கே வேண்டாம். சாதாரண கிளியரை அடித்துப் பாலிஷ் போட்டே அதே பளபளப்பைக் கொண்டுவரலாம், இரண்டு நாள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

பத்து வருடம் முன்பு கட்டிய கார். டயர் தொட்ட இடத்தில் ரிம் உருகியிருக்கிறது. (தாரமங்கலம்)

வினைல் டயரில் உள்ள மென்மையாக்கி மெதுவாகக் கசிந்து பாலிஸ்டைரீன் ரிம்மைத் தின்னும். புது ரிம் போடும்போது இடையில் மெல்லிய அலுமினிய ஃபாயில் ஒரு சுற்று வையுங்கள்.

மகனுக்குப் பத்து வயது. முதல் கிட்டாக எது வாங்கலாம்? (கொண்டலாம்பட்டி)

பசை தேவைப்படாத, அழுத்தினால் மாட்டிக்கொள்ளும் கார் கிட். 1/24 அல்லது 1/25. ஏர்பிரஷ் இப்போது வேண்டாம். கத்தியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், நிப்பரை (பாகங்களை வெட்டியெடுக்கும் சின்னக் குறடு) அவனிடம் கொடுங்கள். கிட்டைப் பிரிப்பதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனையே நிஜக் காரின் டயரை அளக்கச் சொல்லுங்கள்.

முடித்த மாடலைக் காரின் டேஷ்போர்டில் வைக்கலாமா? (அஸ்தம்பட்டி)

ஏப்ரல், மே மாதத்தில் மூடிய காருக்குள் ஒரே மதியத்தில் கூரை வளைந்துவிடும். வீட்டில், வெயில் விழாத அலமாரியில் வையுங்கள்.