வெளிநாட்டில் நாய் வாலாட்டிக்கொண்டு வந்தால்...

கேள்வி: தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு பினாங்கு போய், அப்படியே பாலிக்கும் போய்வரப் போகிறோம். எட்டு வயதுப் பேரனுக்கு நாய் என்றால் உயிர். எங்கள் தெரு நாய்கள் எல்லாம் அவனுடைய கூட்டாளிகள். அங்கேயும் நாய்கள் சாதுவாக வந்து கொஞ்சுமாம். தொட விடலாமா? முன்கூட்டியே ஊசி போட வேண்டுமா?
(வாசகி, தேவகோட்டை)

கால்நடை மருத்துவர் பதில்:

உங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்துக் கிடக்கும் நாய் பேரனைக் கீறிவிட்டால், நாளைக்கும் அது அங்கேதான் கிடக்கும். ஊசியைத் தொடங்கிவிட்டு, அதற்கு என்ன ஆகிறது என்று பத்து நாள் கவனிக்கலாம். ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) பிடித்த நாயின் எச்சிலில், நோய் வெளியே தெரிவதற்குச் சில நாட்கள் முன்பே கிருமி வந்துவிடுகிறது. அந்த நாட்களில் நாய் நன்றாகச் சாப்பிடும், வாலாட்டும், கொஞ்சவும் வரும். சுற்றுலா போனவருக்கு அதைக் கவனிக்கப் பத்து நாள் ஏது? அதற்குள் விமானம் ஏறியிருப்பார். அதனால் அங்கே ஆளில்லாத நாயை, எவ்வளவு சாதுவாக இருந்தாலும், பார்த்து ரசிப்பதோடு விட்டுவிடுங்கள். கழுத்துப்பட்டை கட்டியிருப்பதும் தடுப்பூசி போட்டதற்குச் சான்று ஆகாது.

பாலியில் 2008 முதல் ரேபிஸ் இருக்கிறது. பினாங்கிலும் 2015-இல் நாய்களிடம் கண்டறியப்பட்டது. சிங்கப்பூர், ஜப்பான் போன்ற இடங்களில் இந்தப் பயம் இல்லை. கடிக்கும் பயம் எல்லா ஊருக்கும் பொது.

உரிமையாளர் கயிற்றில் பிடித்து வரும் நாய் என்றால் முதலில் அவரிடம் கேளுங்கள். கயிற்றில் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தால் கிட்டே வரவேண்டாம் என்று பொருள். சரி என்று சொன்ன பிறகும் பேரன் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கக் கூடாது. பக்கவாட்டில் திரும்பி நிற்கட்டும், நாய் தானே வந்து மோந்து பார்க்கட்டும். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல், நெஞ்சுப் பக்கம் மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுக்கச் சொல்லுங்கள். நாய் இன்னும் ஒட்டி வந்தால் தொடரலாம். முகத்தைத் திருப்பினால், உதட்டை நக்கினால், கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தால், ‘போதும், விடு’ என்று நாய் சொல்கிறது. வாலாட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். உடம்பு விறைத்து, வால் மேலே நிமிர்ந்து ஆடினால் அது நட்பு இல்லை. சின்னப் பிள்ளையின் முகம் நாயின் வாய்க்கு நேராக இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

ஊசி விஷயத்தில் என் கருத்து: போட்டுவிடுங்கள். நாயைக் கண்டால் நிற்காத பிள்ளைக்கு, அதுவும் பாலிக்குப் போகும்போது, யோசிக்கவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2018 முதல் ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி போதும் என்கிறது. நம் ஊரில் 0, 7, 21 அல்லது 28-ஆம் நாள் என்று மூன்று போடும் வழக்கமும் உண்டு. அதனால் புறப்படுவதற்கு ஒரு மாதத்துக்கு மேலே இருக்கும்போதே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். இதைப் போட்டவருக்கும் கடிபட்டால் ஊசி உண்டு. ஆனால் அன்றைக்கு ஒன்று, மூன்று நாள் கழித்து ஒன்று என்று முடிந்துவிடும். போடாதவருக்கு ஆழமான கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, உடனடி எதிர்ப்புச் சக்தி தரும் மருந்தையும் செலுத்த வேண்டும். தெரியாத ஊரில், ராத்திரி நேரத்தில் அதைத் தேடி அலைவது பெரும்பாடு.

கடியோ ரத்தக் கீறலோ பட்டால் முதல் வேலை, குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது. அப்பத்தாக்களின் சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி வைத்தியம் எதுவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனை. ஊருக்குத் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்; அறிகுறி வந்துவிட்ட ரேபிஸுக்கு வைத்தியம் இல்லை என்றே சொல்லலாம். காயமில்லாத தோலை நாய் நக்கினால், கழுவினால் போதும். காயத்தையோ வாயையோ நக்கியிருந்தால் அதுவும் கடிக்குச் சமம். பாலியில் குரங்கு கீறினாலும் இதே கதைதான்.

அங்கே ஊசியைத் தொடங்கினால் மருந்தின் பெயர், தேதி எழுதிய சீட்டை வாங்கி வாருங்கள். மீதியை இங்கே அரசு மருத்துவமனையில் தொடரலாம். பயணக் காப்பீடு எடுக்கும்போது, விலங்குக் கடிக்கான ஊசிச் செலவு அதில் அடங்குமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.